தூலூஸ் நகரின் சக்கரமும் மிலன் நகரின் சிறுநூலும்

1761 அக்டோபர் 13 இரவு. தெற்குப் பிரான்ஸின் தூலூஸ் நகரில், ஃபிலாத்தியே தெருவில் துணிக்கடை நடத்திவந்த ழான் கலாஸ் வீட்டில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய கலாஸ், அவர் மனைவி, இரண்டு மகன்கள், லவேஸ் என்ற இளம் விருந்தாளி. மூத்த மகன் மார்க் ஆந்துவான் மற்றவர்களுக்கு முன்பே எழுந்து கீழே இறங்கிப் போய்விட்டான். பிறகு விருந்தாளியை வழியனுப்ப விளக்கோடு இறங்கிய தம்பி பியேர், கடைக்கும் கிடங்குக்கும் நடுவே இருந்த கதவருகில் அண்ணனின் பிணத்தைக் கண்டான். மார்க் ஆந்துவான் தூக்கில் தொங்கியிருந்தான்.

அந்த நிமிடத்தில் தகப்பனார் ஒரு முடிவெடுத்தார். தற்கொலை என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டாரிடம் சொன்னார். அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் தற்கொலை ஒரு குற்றம். செத்தவன் மீதே வழக்கு நடக்கும். தண்டனையாகப் பிணத்தைக் குப்புறக் கிடத்தித் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள்; அவன் உடைமையும் பறிபோகும். மகனுடைய உடலுக்கு அந்த அவமானம் நேரக் கூடாது என்று நினைத்த தகப்பனார் சொன்ன பொய் அது. கழுத்து நெரிக்கப்பட்ட நிலையில் தரையில் கிடந்தான் என்று முதலில் வாக்குமூலம் கொடுத்தார்கள். கொலைப்பழி தங்கள் மீதே திரும்பியதும் உண்மையைச் சொன்னார்கள். அதற்குள் யாரும் நம்பும் நிலையில் இல்லை.

கலாஸ் குடும்பம் புராட்டஸ்டன்ட் குடும்பம். புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்த் ஆணையை 1685இல் பதினான்காம் லூயி மன்னர் ரத்துசெய்த நாளிலிருந்து பிரான்ஸில் புராட்டஸ்டன்ட் வழிபாடு சட்டவிரோதம். அவர்கள் தங்கள் முறையில் செய்துகொண்ட திருமணம் செல்லாது. அதில் பிறந்த பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையான பிள்ளைகள் அல்ல. வழக்கறிஞராக வேண்டுமென்றால் கத்தோலிக்கர் என்று பாதிரியார் சான்றிதழ் தர வேண்டும். மார்க் ஆந்துவான் சட்டம் படித்தவன். அந்தச் சான்றிதழ் கிடைக்காமல் அப்பாவின் கடையில் துணி அளந்துகொண்டிருந்தான். அவன் மனம் ஒடிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வாசலில் கூடிய கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: மகன் கத்தோலிக்க மதத்துக்கு மாறவிருந்தான், அதைத் தடுக்கத் தகப்பனே கொன்றுவிட்டான். குரல் யாருடையது என்று தெரியவில்லை. மறுநாள் ஊர் முழுவதும் அதுவே உண்மையாகிவிட்டது.

நகர நீதிபதிகளில் ஒருவரான தாவீத் த போத்ரிக் வீட்டிலிருந்த எல்லோரையும் கைதுசெய்தார். கலாஸின் இன்னொரு மகன் லூயி ஏற்கெனவே மதம் மாறியவன். அவனுக்குத் தகப்பனார் செலவுக்குப் பணம் கொடுத்துவந்தார். அவன் மதம் மாறத் துணைநின்ற கத்தோலிக்க வேலைக்காரப் பெண்மணி அதே வீட்டில் தொடர்ந்து வேலை பார்த்தார். அன்றிரவு அவரும் அங்கேதான் இருந்தார். இவை எவையும் எடுபடவில்லை. தேவாலயங்களில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது: இந்தக் கொலையைப் பற்றி நேரில் கண்டோ, காதால் கேட்டோ அறிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பின் வாசகமே கொலை நடந்துவிட்டதாக முடிவுகட்டி எழுதப்பட்டிருந்தது. தற்கொலையா என்று கேட்கும் ஒரு வரிகூட அதில் இல்லை. மார்க் ஆந்துவானின் உடலோ தியாகியின் உடலைப் போல ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டுக் கத்தோலிக்க முறைப்படி புதைக்கப்பட்டது.

வழக்கு தூலூஸ் பார்லமென்டுக்குப் போனது. இங்கே ஒரு விளக்கம் வேண்டும். அன்றைய பிரான்ஸில் பார்லமென்ட் என்றால் சட்டமன்றம் அன்று; மாகாண உயர் நீதிமன்றம். அது 1670ஆம் ஆண்டின் குற்றவியல் ஆணைப்படி இயங்கியது. விசாரணை ரகசியம். மரண தண்டனைக்குரிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. சாட்சியங்களுக்குச் சட்டமே எடை வைத்திருந்தது. நேரில் கண்ட இரண்டு நம்பகமான சாட்சிகள் சேர்ந்தால் முழுச் சான்று. ஒரு சாட்சி மட்டும் என்றால் அரைச் சான்று. அரைச் சான்றை முழுச் சான்றாக்க ஒரு வழி இருந்தது: சித்திரவதை. வலி தாங்காமல் அவர் ஒப்புக்கொண்டால் கணக்கு நிறைந்துவிடும்.

தூலூஸ் நீதிபதிகள் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பின்னாளில் எழுதினார். அங்கே கால் சான்று, அரைக்கால் சான்று என்றும் கணக்கு இருந்ததாம். காதுவழிச் செய்தி கால் சான்று. அதைவிட மங்கலானது அரைக்கால். அப்படியானால் ஒரே வதந்தியின் எட்டு எதிரொலிகள் சேர்ந்து ஒரு முழுச் சான்றாகிவிடும். ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் கலாஸ் தண்டிக்கப்பட்டார் என்பது வால்டேரின் குற்றச்சாட்டு.

நமக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மதுரையில் பாண்டியன் விசாரிக்கவே இல்லை; "தேரா மன்னா" என்று கண்ணகி அவனைச் சாடியது அதற்காகத்தான். தூலூஸில் ஏறக்குறைய ஐந்து மாதம் விசாரித்தார்கள். சாட்சிகளை அழைத்தார்கள், பதிவுசெய்தார்கள், சட்டம் சொன்னபடி வாக்கெடுத்தார்கள். முறை தவறியதால் வந்த கொலை என்று இதைச் சொல்ல முடியாது. முறையே கொன்றது.

1762 மார்ச் 9 அன்று பதின்மூன்று நீதிபதிகளில் எட்டுப் பேர் மரண தண்டனைக்கு வாக்களித்தார்கள். மறுநாள் கலாஸை முதலில் கைகால்களை இழுத்து வதைத்தார்கள். பிறகு வாயில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள். உடந்தையாக இருந்தவர்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும் என்பதற்காக. குற்றமே நடக்காதபோது உடந்தை எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டதாகப் பதிவு. பிறகு சேன்ழோர்ழ் சதுக்கத்தில் சக்கரத்தில் கட்டி, இரும்புக் கம்பியால் கைகால் எலும்புகளை முறித்து, இரண்டு மணி நேரம் அப்படியே விட்டு, கடைசியில் கழுத்தை நெரித்து, உடலை எரித்தார்கள். கடைசி மூச்சுவரை தான் நிரபராதி என்றே சொன்னார். அவர் வலியில் ஒப்புக்கொள்வார் என்று எண்ணியிருந்த நீதிபதிகள், மீதிப் பேரை என்ன செய்வது என்று தெரியாமல் தடுமாறினார்கள். பியேரை நாடு கடத்தினார்கள், மற்றவர்களை விடுவித்தார்கள். எல்லோரும் ஒரே வீட்டில் ஒன்றாக இருந்தவர்கள். ஒருவர் கொலைகாரர் என்றால் மற்றவர்கள் எப்படிச் சும்மா போக முடியும்? தீர்ப்பில் காரணம் எழுதும் வழக்கம் இல்லாததால் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அறிவொளிக் கால அரசியல் சிந்தனையைப் பற்றிய கட்டுரையை ஒரு துணி வியாபாரியின் மரணத்திலிருந்து தொடங்குவது ஏன் என்று கேட்கலாம். பாடநூல்களில் இந்தக் காலம் பெயர்களின் வரிசையாக வருகிறது: லாக், மாண்டெஸ்கியூ, ரூசோ. ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கை, தேர்வுக்கு ஐந்து மதிப்பெண். அப்படிப் படித்தால் இவர்கள் ஏதோ நாற்காலியில் அமர்ந்து அரசு எப்படித் தோன்றியது என்று யோசித்தவர்களைப் போலத் தெரிகிறார்கள். நான் புரிந்துகொண்டது வேறு. அந்த நூற்றாண்டின் அரசியல் கேள்விகள் எல்லாம் வந்து கூர்மையடையும் ஓர் இடம் உண்டு. அரசு ஒரு மனிதனைப் பிடித்துக் கட்டிப்போடும் இடம் அது. அந்த உடலின் மீது அரசுக்கு என்ன உரிமை? யார் கொடுத்தது? எங்கே முடிகிறது?

இந்தக் கேள்விக்கு விதை போட்டவர் ஆங்கிலச் சிந்தனையாளர் ஹாப்ஸ் என்பது வியப்பாக இருக்கலாம். 1651இல் வெளிவந்த ‘லெவியத்தான்’ நூலில், மன்னருக்கு ஏறக்குறைய எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுத்தவர் அவர். ஆனால் உயிரைக் காக்கத்தான் மனிதர்கள் அரசை ஏற்றார்கள் என்பதால், தன்னைக் கொல்ல வருபவரைத் தடுக்கும் உரிமையை யாரும் ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுக்க முடியாது என்றார். சித்திரவதையில் பெற்ற குற்றச்சாட்டைச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்றும் அதே நூலில் எழுதினார். லாக் 1689இல் இன்னொரு வேலியைப் போட்டார்: ஆட்சியாளரின் அதிகாரம் உயிர், உடைமை, உரிமை ஆகிய உலகியல் காரியங்களோடு நின்றுவிடுகிறது, ஆன்மாவைக் கரையேற்றுவது அவர் வேலை இல்லை. அந்த வேலிக்குள் நாத்திகர்களுக்கு லாக் இடம் தரவில்லை, கத்தோலிக்கர்களையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார். இருந்தாலும் வேலி போடப்பட்டுவிட்டது.

மாண்டெஸ்கியூவைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அதிகாரப் பிரிவினை என்ற ஒற்றைச் சொல்லில் அவரை நாம் சுருக்கிவிட்டோம். அவர் போர்தோ பார்லமென்டில் பத்தாண்டு நீதிபதியாக இருந்தவர். பெரியப்பா வழியாக வந்த பதவி. 1726இல் அதை விற்றுவிட்டு எழுத உட்கார்ந்தார். பதவியை வாங்கலாம், விற்கலாம் என்பதுதான் அன்றைய நீதித்துறை. 1748இல் வெளிவந்த ‘சட்டங்களின் உள்ளியல்பு’ நூலில், குடிமகனின் சுதந்திரம் முதன்மையாகக் குற்றவியல் சட்டங்களின் தரத்தைப் பொறுத்தது என்கிறார். நிரபராதிக்குப் பாதுகாப்பு இல்லாத நாட்டில் சுதந்திரமும் இல்லை என்பது அவர் முடிவு. சட்டமியற்றும் கையும் நிறைவேற்றும் கையும் தீர்ப்பெழுதும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்ற அவருடைய புகழ்பெற்ற கோட்பாடும் இங்கிருந்துதான் பொருள் பெறுகிறது. சுதந்திரம் என்றால், தான் பத்திரமாக இருக்கிறோம் என்ற மன அமைதி என்று அவர் விளக்கினார். கலாஸ் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டிய கையை நினைத்துக்கொண்டு படித்தால் அந்த வரியின் கனம் தெரியும்.

அதே நூலில் சித்திரவதையைப் பற்றி ஒரு சிறிய அத்தியாயம் இருக்கிறது. கொடுங்கோல் ஆட்சிகளுக்கு அது பொருந்தலாம் என்று சொல்ல வந்தேன், கிரேக்க ரோமானிய அடிமைகள் விஷயத்தில் பொருந்தலாம் என்று சொல்ல வந்தேன், ஆனால் இயற்கையின் குரல் எனக்கு எதிராகக் கூவுவது கேட்கிறது என்று எழுதி, அத்தோடு நிறுத்திவிடுகிறார். வாதத்தை முடிக்காமல் விட்ட இடம் அது. பதினாறு ஆண்டுகள் கழித்து மிலன் நகரத்து இளைஞர் ஒருவர் அதை முடித்தார்.

அதற்குமுன் கலாஸ் வழக்கு என்னவாயிற்று என்று பார்ப்போம். ஜெனிவாவுக்கு அருகில் ஃபெர்னேயில் வசித்த வால்டேருக்கு அந்த மார்ச் மாதக் கடைசியில் செய்தி எட்டியது. தகப்பன்தான் கொன்றிருப்பான் என்று முதலில் அவரும் நம்பி, கேலியாக ஒரு கடிதமும் எழுதினார். பிறகு ஜெனிவாவில் இருந்த கலாஸின் கடைசி மகனை வரவழைத்துப் பேசினார். தூலூஸிலிருந்து வந்தவர்களை விசாரித்தார். சில வாரங்களில் அவருக்கு உறுதியாகிவிட்டது. அறுபத்தேழு வயதில் அவர் அந்த வழக்கைக் கையிலெடுத்தார். அமைச்சர்களுக்கும் இளவரசிகளுக்கும் வங்கியாளர்களுக்கும் கடிதம் மேல் கடிதம். கலாஸின் மனைவியைப் பாரிஸுக்குப் போகவைத்தார். வழக்கறிஞர்களை ஏற்பாடு செய்தார். 1763இல் ‘சகிப்புத்தன்மை பற்றிய ஆய்வுரை’ வெளிவந்தது.

அவர் முதலில் கேட்டது விடுதலையைக்கூட அல்ல. வழக்கு ஆவணங்களை வெளியிடுங்கள் என்றுதான் கேட்டார். நீதி குருடாக இருக்கட்டும், ஊமையாகவும் இருக்க வேண்டுமா, கலாஸை ஏன் தண்டித்தது என்று அது வாய் திறந்து சொல்லட்டும் என்ற பொருளில் நண்பருக்கு எழுதினார். இந்தக் கோரிக்கையின் அரசியல் கனத்தை இன்று நாம் உணர்வது கடினம். தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும் என்ற விதி நமக்குப் பழகிவிட்டது. அன்று நீதிமன்றம் மன்னரின் பெயரால் பேசியது. மன்னர் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். காரணம் சொல் என்று கேட்பது அந்த ஏணியையே கீழிருந்து அசைப்பது. பொதுமக்கள் என்ற ஒரு புதிய நீதிமன்றம் உருவாகிக்கொண்டிருந்தது. துண்டறிக்கைகளும் சந்தாவுக்கு விற்ற கலாஸ் குடும்பத்தின் அச்சுப்படமும் அதன் கருவிகள்.

1764 ஜூனில் பழைய தீர்ப்பு ரத்தானது. 1765 மார்ச் 9 அன்று, தீர்ப்பளித்து மூன்று ஆண்டு நிறைந்த அதே நாளில், நாற்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கலாஸ் நிரபராதி என்று அறிவித்தார்கள். கலாஸ் குடும்பத்துக்கு மன்னர் 36,000 லிவ்ர் பணம் கொடுத்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு, இத்தாலியின் லிவோர்னோ துறைமுக நகரில் ஆசிரியர் பெயர் இல்லாமல் ஒரு மெலிந்த நூல் அச்சாகியிருந்தது. ‘குற்றங்களும் தண்டனைகளும் பற்றி’. எழுதியவர் மிலன் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த செசாரே பெக்காரியா, வயது 26. பியெத்ரோ வெர்ரி, அலெஸ்ஸாந்த்ரோ வெர்ரி என்ற சகோதரர்களின் வீட்டில் கூடி வாதிட்ட நண்பர் குழுவில் ஒருவர். வாதம் சூடாக இருக்கும் என்பதால் அந்தக் குழுவுக்கே குத்துச்சண்டைக் கழகம் என்று பெயர். அலெஸ்ஸாந்த்ரோவுக்குச் சிறைக் கைதிகளின் நலன் பார்க்கும் அரசுப் பொறுப்பு இருந்தது. சிறைக்குள் நடப்பது இந்த இளைஞர்களுக்கு அவர் வழியாகத் தெரியவந்தது.

பெக்காரியா தொடங்கும் இடம் சமூக ஒப்பந்தம்தான். ஆனால் அதை அவர் ஒரு கஞ்சனின் கணக்கைப் போலப் போடுகிறார். மனிதர்கள் பாதுகாப்புக்காகத் தங்கள் சுதந்திரத்தில் எவ்வளவு குறைவாக விட்டுக்கொடுக்க முடியுமோ அவ்வளவுதான் விட்டுக்கொடுத்தார்கள். அந்தச் சிறு துளிகளின் கூட்டுத்தொகையே தண்டிக்கும் உரிமை. அதற்கு மேல் எடுத்தால் அது அத்துமீறல். தன் உயிரை எடுத்துக்கொள் என்று எந்த மனிதன் அந்தத் துளிக்குள் வைத்துக் கொடுத்தான்? அப்படியென்றால் மரண தண்டனைக்கான உரிமை எங்கிருந்து வந்தது? இரண்டு ஆண்டுக்கு முன்புதான், கலாஸ் இறந்த அடுத்த மாதத்தில், ரூசோவின் ‘சமூக ஒப்பந்தம்’ வெளிவந்திருந்தது. கொலைகாரனுக்குப் பலியாகாமல் இருப்பதற்காக, தான் கொலைகாரனானால் சாகவும் மனிதன் சம்மதிக்கிறான் என்று அதில் ரூசோ வாதிட்டிருந்தார். ஒரே ஒப்பந்தம், இரண்டு கணக்கு. அறிவொளி என்பது ஒரே குரலில் பாடிய பஜனை அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சித்திரவதை பற்றிய பகுதியில்தான் பெக்காரியாவின் கத்தி மிகக் கூர்மை. குற்றம் நிச்சயமா, நிச்சயமில்லையா? நிச்சயம் என்றால் சட்டம் விதித்த தண்டனை போதும், ஒப்புதல் வாக்குமூலம் தேவையே இல்லை. நிச்சயமில்லை என்றால் நிரபராதியாக இருக்கக்கூடியவரை வதைக்கிறீர்கள். உண்மை என்பது தசைகளுக்குள்ளும் நரம்புகளுக்குள்ளும் ஒளிந்திருப்பதைப் போல நடந்துகொள்கிறீர்கள். உடல்வலு உள்ள அயோக்கியன் தப்பித்துக்கொள்வான், வலுவற்ற நிரபராதி மாட்டிக்கொள்வான். இந்த வேலைக்கு நீதிபதியைவிடக் கணித வல்லுநர் மேல் என்கிறார்: இந்த மனிதனின் தசைவலு இவ்வளவு, நரம்பின் உணர்ச்சி இவ்வளவு, இவன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள எவ்வளவு வலி தேவை என்று கணக்கிட்டுச் சொல்லட்டும். தண்டனையின் கொடுமை குற்றத்தைத் தடுப்பதில்லை, தப்ப முடியாது என்ற நிச்சயம்தான் தடுக்கிறது என்ற அவருடைய வாதம் இன்றும் குற்றவியல் வகுப்பின் முதல் பாடம்.

1766இல் ரோமின் கத்தோலிக்கத் திருச்சபை அந்த நூலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு வால்டேர் அதற்கு ஓர் உரை எழுதி வெளியிட்டார்; தூலூஸின் கால் சான்று, அரைக்கால் சான்று பற்றிய வரிகள் வருவது அதில்தான்.

பெக்காரியாவின் நண்பர் பியெத்ரோ வெர்ரியின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1630இல் மிலன் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, சுவர்களில் நஞ்சு பூசி நோயைப் பரப்பினார்கள் என்று பியாட்சா என்ற சுகாதார ஊழியரையும் மோரா என்ற நாவிதரையும் பிடித்தார்கள். வதைத்தார்கள்; இருவரும் இல்லாத குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒருவர் மீது ஒருவரும் பிறர் மீதும் பழி சொன்னார்கள். கொன்ற பிறகு மோராவின் வீட்டை இடித்து அங்கே ஓர் அவமானத் தூணை நட்டார்கள். வெர்ரியின் காலத்திலும் அந்தத் தூண் தெருவில் நின்றுகொண்டிருந்தது. அவர் அந்த வழக்கின் ஆவணங்களைத் தோண்டியெடுத்து, வலியில் பிறந்த ஒவ்வொரு வாக்குமூலமும் எப்படி அடுத்த பொய்யைப் பெற்றெடுத்தது என்று வரிவரியாகக் காட்டி, 1777இல் சித்திரவதைக்கு எதிராக ஒரு நூல் எழுதினார். ஆனால் வெளியிடவில்லை. அவருடைய தந்தை மிலன் செனட்டின் உறுப்பினர். தீர்ப்பளித்தது அந்தச் செனட்தான், சித்திரவதையைக் கைவிட மறுத்ததும் அதுதான். பியெத்ரோ இறந்தபின் 1804இல்தான் நூல் அச்சேறியது. வீட்டு முற்றத்திலேயே அதிகாரம் உட்கார்ந்திருக்கும்போது எழுதுவது எப்படிப்பட்டது என்பதை அந்த இருபத்தேழு ஆண்டு மௌனம் சொல்கிறது.

இந்தக் கருத்துகளை முதலில் சட்டமாக்கியவர்கள் மக்களாட்சிகள் அல்ல, முடியரசர்கள். பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடெரிக் 1740இல் பட்டமேறிய சில நாள்களிலேயே, சில விதிவிலக்குகளோடு, சித்திரவதையை நிறுத்தினார். ஆஸ்திரியாவின் மரியா தெரேசாவின் 1768ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் வதைக் கருவிகளின் படங்கள் அளவுகளோடு அச்சிடப்பட்டிருந்தன. எட்டே ஆண்டுகளில், 1776இல், அவரே சித்திரவதையை ஒழித்தார். அவர் மகன் லியோபோல்ட் ஆண்ட இத்தாலியின் டஸ்கனியில் 1786 நவம்பரில் வந்த சட்டம் மரண தண்டனையையே நீக்கியது. பிரான்ஸ் 1780இலும் 1788இலும் இரண்டு தவணையில் சித்திரவதையை விட்டது.

இந்த வரிசையில் ரஷ்யாவின் இரண்டாம் கேத்தரினையும் சேர்ப்பார்கள். 1767இல் அவர் வெளியிட்ட அறிவுறுத்தலில் மாண்டெஸ்கியூவும் பெக்காரியாவும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். அதே 1767 ஆகஸ்டில், பண்ணையடிமைகள் தங்கள் எஜமானர் மீது அரசியிடம் புகார் கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் ஆணையும் வந்தது. ஒரே ஆட்சி, ஒரே ஆண்டு. உயர்ந்த சொற்கள் எவர் வாசல்வரை போயின, எவர் வாசலில் நின்றுவிட்டன என்று பார்க்காமல் இந்தக் காலத்தைப் பாராட்டுவது சரியல்ல.

பிரான்ஸிலேயே அதைப் பார்க்கலாம். கலாஸ் குடும்பத்தைச் சட்டப்படி உரிமையற்றவர்களாக்கிய 1685ஆம் ஆண்டின் ஆணையைச் சொன்னேன். அதே மன்னர் அதே ஆண்டில் இன்னோர் ஆணையும் பிறப்பித்தார்: கரீபியத் தீவுகளின் அடிமைகளுக்கான கறுப்புச் சட்டம். அதன் 38ஆம் பிரிவின்படி, ஒரு மாதம் தப்பியோடியிருந்த அடிமையின் காதுகளை அறுத்துத் தோளில் சூடு போட வேண்டும். இரண்டாம் முறை ஓடினால் முழங்காலின் பின்புற நரம்பை வெட்ட வேண்டும். மூன்றாம் முறை மரணம். முதல் ஆணைக்கு எதிராக ஐரோப்பாவின் பேனாக்களெல்லாம் எழுந்தன. 1787இல் புராட்டஸ்டன்டுகளுக்குப் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவுசெய்யும் உரிமை கிடைத்தது. இரண்டாவது ஆணைக்கு எதிராகவும் குரல்கள் இருந்தன. மாண்டெஸ்கியூ அடிமை முறையின் வாதங்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். கையும் காலும் இழந்த சர்க்கரைத் தோட்டத்து அடிமையை வால்டேர் தன் கதையில் பேசவைத்தார். தத்துவவாதி கொண்டோர்செ 1781இல் புனைபெயரில் ஒரு நூலே எழுதினார். ஆனால் கரீபியத் தீவான மார்த்தினிக்கில் கால் நரம்பு வெட்டப்பட்ட ஓர் அடிமைக்காக யாரும் மூன்றாண்டு கடிதம் எழுதி மறுவிசாரணை வாங்கவில்லை. கடைசியில் அடிமைகளே எழுந்தார்கள். 1791இல் இன்றைய ஹைட்டியில் தொடங்கிய கிளர்ச்சிதான் 1794இன் ஒழிப்பு ஆணையை வரவழைத்தது. நெப்போலியன் அதை 1802இல் திருப்பிப்போட, பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை முழுதாக ஒழிய 1848 ஆயிற்று.

பிரெஞ்சுப் புரட்சி தந்த 1789ஆம் ஆண்டின் மனித, குடிமக்கள் உரிமைப் பிரகடனத்தைக் கலாஸ் வழக்கின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். சட்டப்படியன்றி யாரையும் கைதுசெய்யக் கூடாது என்கிறது 7ஆம் பிரிவு. கண்டிப்பாகத் தேவையான தண்டனைகளை மட்டுமே சட்டம் விதிக்கலாம் என்கிறது 8ஆம் பிரிவு. பெக்காரியாவின் கஞ்சக் கணக்கு அப்படியே அங்கே இருக்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பு வரும்வரை ஒவ்வொருவரும் நிரபராதி என்கிறது 9ஆம் பிரிவு. 1791 மே மாதம் அவையில் எழுந்து மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று பேசியவர் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரோபெஸ்பியேர். மூன்றாண்டு கழித்து, 1794 ஜூனில், அவருடைய தரப்பு கொண்டுவந்த சட்டம் சதிகாரர்களுக்கு வழக்கறிஞர் கிடையாது, சாட்சிகளும் அவசியமில்லை, தீர்ப்பு விடுதலை அல்லது மரணம் என்றது. தூலூஸின் விதிகள் குடியரசின் மொழியில் திரும்பி வந்தன. மன்னருக்குப் பதிலாக மக்கள் ஆண்டால் தண்டிக்கும் அதிகாரத்துக்குக் கடிவாளம் வேண்டாம் என்று நினைத்தவர்கள் ஜூலை மாதத்தில் தாங்களே கில்லட்டின் மேடையில் ஏறினார்கள். அவர்களுக்கும் விசாரணை கிடைக்கவில்லை.

அந்த மேடையைப் பற்றி மிகத் துல்லியமாகப் பேசியவர் எழுத்தாளர் ஒலாம்ப் த கூஜ் என்று நினைக்கிறேன். 1791இல் பெண்களின் உரிமைப் பிரகடனத்தை எழுதிய அவர், பெண்ணுக்குத் தூக்குமேடை ஏறும் உரிமை இருக்கிறதென்றால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் இருக்க வேண்டும் என்றார். தண்டிக்கும்போது மட்டும் பெண்ணைச் சட்டம் முழு மனிதராக எடுத்துக்கொள்கிறது என்பதைப் பிடித்த வாக்கியம் அது. 1793 நவம்பர் 3 அன்று அவரைக் கில்லட்டினில் கொன்றார்கள்.

இந்தச் சிந்தனைக்கு எதிர்ப்பும் உயர்ந்த இடங்களிலிருந்தே வந்தது. சுயமாகச் சிந்திக்கத் துணிவதே அறிவொளி என்று 1784இல் எழுதிய ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட், 1797இல் பெக்காரியாவின் மரண தண்டனை வாதத்தை இளகிய மனத்தின் உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்கினார். இங்கிலாந்தில் சட்டச் சிந்தனையாளர் பென்தம் நேர்மாறாக பெக்காரியாவைத் தன் முன்னோடியாகக் கொண்டாடினார். பெருவாரியானோரின் பெருமகிழ்ச்சி என்ற அவருடைய புகழ்பெற்ற அளவுகோலுக்கு மிக நெருங்கிய சொற்றொடர் பெக்காரியாவின் முன்னுரையிலேயே இருக்கிறது.

பென்தமின் வழியாகத்தான் இந்தக் கதை நம் ஊருக்கு வருகிறது. அவருடைய சட்டத்தொகுப்புக் கனவால் கவரப்பட்ட மெக்காலே 1837இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவை முடித்தார். அது கிடப்பில் கிடந்த காலத்தில், சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க விவசாயிகளை வதைக்கிறார்கள் என்ற புகார் லண்டன்வரை போனது. விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் கொடுத்த அறிக்கையில் ஆங்கில எழுத்தில் நம் சொற்கள் வருகின்றன. கிட்டி: விரல்களை நடுவில் வைத்து நெருக்கும் இரண்டு கட்டைகள். அண்ணாந்தாள்: ஆளை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது. ஐரோப்பாவில் ஒழிந்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்ட ஒன்று, ஐரோப்பியர் ஆண்ட மண்ணில், அவர்கள் கஜானாவுக்காக, கிராமத்துச் சாவடியில் நடந்துகொண்டிருந்தது.

1860இல் சட்டமான இந்திய தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவு, வாக்குமூலம் பறிக்கவோ பொருளைக் கொடுக்கவைக்கவோ ஒருவரைக் காயப்படுத்துவதைக் குற்றமாக்கியது. 1872இன் சாட்சியச் சட்டம், காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்றது. வதைத்துப் பெற்ற வார்த்தைக்கு எடை இல்லை என்ற அந்தப் பழைய வாதம் இங்கே விதியாகிவிட்டது. ஆனால் வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும் என்ற விலக்கும் கூடவே வந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களிலும் இரண்டும் எண் மாறி அப்படியே இருக்கின்றன.

330ஆம் பிரிவின் கீழ் சில எடுத்துக்காட்டுகள் இருந்தன. சட்டம் படிப்பவர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் வரிகள். முதல் எடுத்துக்காட்டில் ‘ஏ’ என்பவர் காவல்துறை அதிகாரி. குற்றத்தை ஒப்புக்கொள்ளவைக்க ‘இசட்’ என்பவரை வதைக்கிறார். இன்னொன்றில் ‘ஏ’ வருவாய் அதிகாரி. வரிப் பாக்கியைக் கட்டவைக்க ‘இசட்’டை வதைக்கிறார். இரண்டிலும் குற்றவாளி ‘ஏ’ என்று சட்டம் சொல்கிறது.